குதிரை ரேக்ளா பார்க்க எங்கே நின்றால் நல்லது?

எல்லைக்காட்டான்:
எங்கள் வீடு கேரளாவில் கொழிஞ்சாம்பாறை பக்கம். பொங்கல் முடிந்ததும் பொள்ளாச்சிப் பக்கம் குதிரை வண்டிப் பந்தயம் இருக்கிறது, வா என்று மாமா கூப்பிடுகிறார். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பக்கம்தான். மாட்டு ரேக்ளா சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன், தத்தமங்கலம் அங்காடி வேலா திருவிழாவில் ஆள் ஏறி ஓட்டுகிற குதிரை ஓட்டமும் தெரியும், குதிரையை வண்டியில் பூட்டி விடுவதை மட்டும் பார்த்ததில்லை. பையனுக்கு ஆறு வயது, கூட்டிப் போகலாமா? எங்கே நிற்பது?

வண்டிச்சோலை:
தாராளமாகப் போங்க. மாட்டு ரேக்ளாவை நம் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் என்று ஒவ்வொரு வண்டியாக விட்டு நொடிக்கணக்குப் பார்ப்பார்கள் இல்லையா, குதிரைக்கு அப்படி இல்லை, ரோட்டில் பல வண்டிகளை ஒன்றாக விடுவார்கள், மைல் கணக்கில் போய்த் திரும்பி வர வேண்டும், யார் முதலில் வந்தாலும் அவருக்குப் பரிசு. குதிரையின் உயரத்தைப் பார்த்துப் பெரியது, சிறியது என்று தனித்தனியாக விடுவார்கள்.

எல்லாரும் முடிகிற இடத்தில்தான் கூடுவார்கள், அங்கே முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும். திரும்புகிற முனைக்குப் போங்க. நேர் ரோட்டில் எவனும் விரட்டலாம், சாரதியின் கைவேலை அங்கேதான். வந்த வேகத்திலேயே திருப்பினால் உள்சக்கரம் தரையை விட்டு எழும்பும், ஆள் அந்தப் பக்கமாகச் சாய்ந்து வண்டியை அமுக்குவார், அதற்குள் குதிரை அகலமாகப் போய்விடும். கொஞ்சம் முன்னாடியே கடிவாளத்தை இழுத்துப் பிடித்தவர் ஒட்டித் திரும்பிக் கிளம்பியிருப்பார். ஆனால் வளைவுக்கு வெளிப்பக்கம் மட்டும் நிற்காதீங்க, வண்டி விலகினால் அங்கேதான் வரும்.

மேட்டாங்காடு:
சோலை அண்ணன் சொன்னது சரி. ஆனால் பையனோடு போனால் எனக்குப் பயம் பைக்குகள்தான். வண்டிக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு கூட்டமே வரும், குதிரைக்கும் அது வதை, ரோட்டோரம் நிற்பவனுக்கும் ஆபத்து. விழாக் குழு மைக்கில் கத்தும், யார் கேட்கிறார்கள்? பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் மேடு மாதிரி ரோட்டை விட்டு ஒதுங்கின இடம் கிடைத்தால் விடாதீங்க.

லாடம்:
பந்தயத்துக்கு முன்னாடியே போய், பூட்டுகிற இடத்தில் பாருங்க. கத்தியவாரி இனக் குதிரை என்றால் காதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இரண்டு காதும் உள்பக்கம் வளைந்து நுனியோடு நுனி தொடுகிற மாதிரி நிற்கும். பையனுக்கு அது பிடிக்கும். பின்னங்கால் பக்கம் மட்டும் விடாதீங்க. குதிரை ஆசை வந்துவிட்டால் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் கூட்டிப் போங்க, கையில் காசில்லாமல் போவது உத்தமம்.

எல்லைக்காட்டான்:
நன்றிங்க. நோட்டீஸில் காலை ஏழு மணி என்று போட்டிருக்கிறது, அதற்குள் போய்விட வேண்டுமா?

வண்டிச்சோலை:
ஏழு மணிக்கு மைக்செட் கட்டுவார்கள். சாப்பிட்டுவிட்டே வாங்க.