தொலைநோக்கியா, கால்வட்டமா?

அட்டன்காரன்:
தோட்டப் பாடசாலை வான மன்றத்துக்குச் சேர்ந்த காசில் சின்னத் தொலைநோக்கி வாங்கப் போகிறார்களாம். எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் முதலில் கால்வட்டக் கருவி, அதாவது கால் பங்கு வட்டத்தில் பாகை குறித்த கோணமானி, செய்து நட்சத்திரங்களை அளக்கட்டும். 1601இல் இறந்த வானியலாளர் டைக்கோ பிராஹே தொலைநோக்கியைக் கண்ணால் கண்டதில்லை. சுவரில் பதித்த கால்வட்டத்தை வைத்தே ஏறத்தாழ 1 கலை, அதாவது பாகையில் 60இல் ஒரு பங்கு, துல்லியத்தைத் தொட்டார்.

பண்டாரவளை டீச்சர்:
அதற்கு மேல் போக முடியவில்லையே தம்பி! மனிதக் கண்ணின் எல்லையே அவ்வளவுதான். இங்கிலாந்து அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1674இல் டான்சிக் நகர வானியலாளர் ஹெவேலியஸைச் சாடியதும் இதற்குத்தான். நிலாவைப் பார்க்க நீள நீளத் தொலைநோக்கிகள் வைத்திருந்த மனிதர், நட்சத்திரத்தை அளக்கும் கருவியில் மட்டும் அதைப் பூட்டமாட்டேன் என்றார். என்ன பிடிவாதமோ!

அட்டன்காரன்:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1679இல் இங்கிலாந்து வானியலாளர் எட்மண்ட் ஹாலி தொலைநோக்கி பூட்டிய கருவியோடு டான்சிக் போய், அவர் பக்கத்திலேயே இருந்து அளந்து பார்த்தார். கிழவரின் வெறுங்கண் அளவுகளைக் கண்டு ஹாலியே வியந்துபோனார்.

பண்டாரவளை டீச்சர்:
வியக்கட்டும். அப்புறம் கிரீனிச் வான்காணகத்தின் ஃபிளாம்ஸ்டீட் தொலைநோக்கி பூட்டிய கருவியால் ஹெவேலியஸைத் தாண்டிவிட்டாரே. நம் தென்வானத்துக்கே வருவோம். 1751-52இல் பிரெஞ்சு வானியலாளர் லக்கேய் நன்னம்பிக்கை முனையில் ஏறத்தாழ 10,000 நட்சத்திரங்களைக் குறித்தது அரை அங்குல வில்லை வைத்த தொலைநோக்கியால். சின்னக் கண்ணாடி போதும்.

அட்டன்காரன்:
அந்தக் கண்ணாடியை எதில் பூட்டியிருந்தார்? கால்வட்டத்தில்தான் டீச்சர்! வெறும் தொலைநோக்கி காட்டும், அளக்காது.

கொட்டகலை மூட்டம்:
சரி, எதை அளப்பது? வடமீன் (துருவ நட்சத்திரம்) நமக்கு 7 பாகை உயரம்தான், மலை மறைத்துவிடும்.

அட்டன்காரன்:
அகத்திய நட்சத்திரம் (கனோபஸ்) இருக்கிறதே. பெப்ரவரி நடுவில் இரவு 9 மணியளவில் தெற்கே உச்சிக்கு வரும், மூட்டமும் குறைவு. பாகைமானி, குழாய், நூல், தூக்குக்குண்டு போதும். உயரம் 30 பாகையை ஒட்டி வரும். அது வான நடுக்கோட்டுக்கு, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் போகும் கோட்டுக்கு, 52.7 பாகை தெற்கே இருப்பது. இரண்டையும் கூட்டி 90இல் கழித்தால் நம் ஊரின் அகலக்கோடு.

பண்டாரவளை டீச்சர்:
அரைப் பாகை பிசகினால் தரையில் 55 கிலோமீட்டர். அட்டனில் நின்று அளந்து கண்டிக்கு அந்தப் பக்கம் போய்விடுவீர்கள்.

அட்டன்காரன்:
வகுப்பே அளந்து சராசரி எடுத்தால் பிசகு குறையும்.

பண்டாரவளை டீச்சர்:
கை நடுங்கிய பிசகு குறையும். பாகைமானியைக் கோணலாக ஒட்டியிருந்தால் வகுப்பு முழுக்க ஒரே பக்கம்தான் பிசகும். ஒட்டும்போது யார் பார்க்கப் போவது?