பழைய லாரி இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிப்பதா, புதிய தலைமுறை இன்ஜினை மாற்றிப் பொருத்துவதா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் லாரியில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி இன்ஜின் இருக்கிறது. சிலிண்டருக்கு இரண்டு வால்வு, இன்லைன் பம்பு, டர்போ. எலக்ட்ரானிக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத பழைய வகை. சில காலமாக ஆயில் குறைகிறது. சுமையோடு மேடு ஏறும்போது நீலப் புகை வருகிறது. பிரீதர் குழாயிலிருந்தும் (இன்ஜினின் அடிப்பகுதிக் காற்றை வெளியேற்றும் குழாய்) புகை கிளம்புகிறது. இன்ஜின் சூடானபின் ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் முன்பைவிடத் தாழ்ந்தே நிற்கிறது. முழுதாகப் பிரித்து வேலை பார்த்தால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். இன்னொருவரோ, பழையதில் பணம் போடாமல் காமன் ரெயில் முறையில் (டீசல் தெளிக்கும் எல்லா நாசில்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் முறை) இயங்கும், கம்மின்ஸின் அடுத்த தலைமுறை ஐஎஸ்பி இன்ஜினைப் பொருத்திவிடுங்கள் என்கிறார். சேஸிஸ், கியர்பாக்ஸ், ஆக்ஸில் மூன்றும் நன்றாக இருக்கின்றன. வண்டியை விற்கும் எண்ணமும் இல்லை. எதை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

இருவருமே அளந்து பார்க்காமல் சொன்ன கருத்துகள் இவை என்று நினைக்கிறேன். நீலப் புகை வந்தால் எங்கோ ஆயில் கசிந்து எரிகிறது என்பது உறுதி. எந்த வழியாகப் போகிறது என்பது அதிலிருந்து தெரியாது. டர்போ சீல் கசிந்தாலும், வால்வு கைடு தேய்ந்தாலும், ரிங் தேய்ந்தாலும் புகை ஒன்றுதான். ஆகவே முதலில் டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி, உட்புறம் ஆயிலில் நனைந்திருக்கிறதா, டர்போ ஷாஃப்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்ததாக, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளியை இன்டேக்குக்கு 0.25 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 0.51 மி.மீ. என்று சரிசெய்துவிட்டு, ஒவ்வொரு பிஸ்டனையும் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, நாசில் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, காற்று எங்கே கசிகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் சத்தம் கேட்டால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். சைலன்சர் பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல். பெட்ரோல் இன்ஜினில் செய்வதுபோல் சிலிண்டருக்குள் ஆயில் விட்டுக் கம்ப்ரஷன் பார்க்க வேண்டாம். டீசலின் எரியறை மிகச் சிறியது என்பதால் ஆயிலே அளவை உயர்த்திக் காட்டிவிடும்; ஆயில் மிகுந்துவிட்டால் கனெக்டிங் ராடே வளையக்கூடும்.

ஆயில் பிரஷரைத் தனியாகப் பாருங்கள். அதற்கும் ரிங்குக்கும் நேரடித் தொடர்பில்லை. பேரிங் தேய்மானம், ஆயில் பம்பு, ரிலீஃப் வால்வு, டீசல் கலந்து இளகிய ஆயில், பொய் சொல்லும் மீட்டர் ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம். நேரடியாக இணைக்கும் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டிப் பார்க்கும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மறுமொழி 2

இன்ஜின் மாற்றும் வேலையை நெருக்கத்தில் அறிந்தவன் என்ற முறையில் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். 5.9 லிட்டர் ஐஎஸ்பிக்கும் உங்கள் இன்ஜினைப் போலவே 102 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 120 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்)தான். அதனால் இறக்கி ஏற்றினால் முடிந்துவிடும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். மவுண்ட், ஃபிளைவீல், கிளட்ச் ஆகியவற்றை ஒரு நல்ல பட்டறை எப்படியும் பொருத்திவிடும். வேலை இழுப்பது அதற்குப் பிறகுதான். ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி), முழு வயரிங், ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சார், சாவியோடு இணைந்த பாதுகாப்பு அமைப்பு இருந்தால் அதுவும் என எல்லாமே ஒரே வண்டியிலிருந்து வந்தால்தான் ஒன்றோடொன்று பேசும். தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் எந்த இடத்தில் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும். உங்கள் வண்டி 24 வோல்ட்டாக இருந்து, ஈசிஎம் 12 வோல்ட்டுக்கானது என்றால் அது இன்னொரு சிக்கல்.

டீசல் டேங்கையும் மறக்கக் கூடாது. காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பார் அளவுக்குப் போகிறது. பழைய டேங்கின் துருவும் நீரும் உங்கள் இப்போதைய பம்பு பொறுத்துக்கொண்டதுபோல் அங்கே பொறுத்துக்கொள்ளப்படமாட்டா. டேங்கை இறக்கிச் சுத்தம் செய்வது, நீர் பிரிக்கும் ஃபில்டர், புதிய டீசல் லைன் ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள். ஏர் பிரேக் கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங் பம்பு, இன்டர்கூலர் ஆகியவற்றின் இடமும் மாறலாம். கூடுதல் இழுவைத் திறனைக் கியர்பாக்ஸும் ஆக்ஸிலிலுள்ள கிரவுன் பல்சக்கரமும் தாங்குமா என்பதையும் அவற்றின் அளவுகளை வைத்தே பார்க்க வேண்டும். பல நாடுகளில் இன்ஜின் எண் வண்டிப் பதிவில் இடம்பெறுவதால், வேலை தொடங்கும் முன்பே அனுமதி பற்றிக் கேட்டுவிடுவது நல்லது.

ஓடும் நிலையில் ஒரு முழு வண்டி கையில் கிடைத்து, அதன் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்து, ஆயில் பேனை இறக்கி ஒரு மெயின் பேரிங்கையாவது கண்ணால் பார்க்க முடிந்தால் மட்டுமே நான் மாற்றச் சொல்வேன். வரலாறு தெரியாத இன்ஜினைத் தரையில் கிடக்கும் நிலையில் வாங்கினால், ஒரு பழைய இன்ஜினைக் கொடுத்துவிட்டு இன்னொரு பழைய இன்ஜினை வாங்கியதாகவே முடியும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சோதித்துவிட்டேன். டர்போ குழாய் உலர்ந்திருக்கிறது, ரேடியேட்டரில் குமிழி இல்லை, வால்வுகளில் கசிவு இல்லை. ஆனால் நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களில் காற்று ஆயில் வாய் வழியாகத் தெளிவாக வெளியேறுகிறது. தனி கேஜிலும் ஆயில் பிரஷர் தாழ்வாகவே இருக்கிறது. ஆயிலில் டீசல் வாசனை இல்லை. முழு வண்டியாக ஐஎஸ்பி எதுவும் கிடைக்கவில்லை.

மறுமொழி 3

அப்படியானால் பிரிப்பதே சரி. உங்கள் இன்ஜின் அதற்கு ஏற்றதும்கூட. 6பிடியில் லைனர் (சிலிண்டருக்குள் செருகும் தனிக் குழாய்) கிடையாது; பிஸ்டன் நேராக பிளாக்கிலேயே ஓடுகிறது. சிலிண்டர் தேய்ந்திருந்தால் போரிங் செய்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) 0.5 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அதுவும் தேய்ந்தால் 1 மி.மீ. வரை போகலாம், அதையும் தாண்டினால் ஸ்லீவ் இறக்கலாம். ரிங்கை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கோணலாகத் தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் சரியாக உட்காராது; சிறிது காலத்தில் அதே புகை திரும்பிவிடும். கிராங்கை விரிசல் சோதனைக்கு அனுப்பிய பிறகே கிரைண்டிங்குக்குக் கொடுங்கள். ஹெட்டில் வால்வு சீட்டுக்கும் நாசில் துளைக்கும் இடையே விரிசல் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். பிளாக்கோ கிராங்கோ தேறாது என்று தெரிந்தால், அப்போதும் ஐஎஸ்பி பக்கம் போகாமல், பட்டறையில் புதுப்பித்த இன்னொரு 6பிடியைத் தேடுங்கள். உங்கள் பம்பு, டேங்க், வயரிங் எதையும் தொட வேண்டியிராது.

இன்ஜின் திறந்திருக்கும்போதே செய்ய வேண்டிய இரண்டு வேலைகளைப் பட்டறைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. டைமிங் கியர் ஹவுசிங்கில் உள்ள சிறிய டவல் பின் (ஹவுசிங்கைச் சரியான இடத்தில் நிறுத்தும் உலோக முளை) நாளடைவில் தளர்ந்து கியருக்குள் விழக்கூடியது. அது வெளியே வராதபடி தடுப்பு போடச் சொல்லுங்கள். ஆயில் கூலரை மாற்றுங்கள். பேரிங் தேய்ந்தபோது உதிர்ந்த உலோகத் துகள் அதற்குள் தங்கியிருந்தால், புதிய பேரிங்கை அதுவே தின்றுவிடும்.

இன்ஜின் ஏறியபின் நீண்ட நேரம் ஐடிலிங்கில் விடாதீர்கள். மிதமான சுமையோடு ஓட்டினால்தான் ரிங் சிலிண்டரில் படியும். சும்மா ஓடவிட்டால் சிலிண்டர் சுவர் வழுவழுப்பாகி ஆயில் குடிக்கத் தொடங்கும். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்து உள்ளே உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். என்ன தென்பட்டது என்று இங்கே எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.