ஷூபில் கூட்டைப் படம்பிடிக்க 400 மி.மீ. லென்ஸ் போதுமா?

ஈசூன்வாசி:
காலணி வடிவில் பெரிய அலகு கொண்ட ஆப்பிரிக்கப் பறவையான ஷூபிலை ஜூரோங் பறவைப் பூங்காவில் முதன்முதலாகப் பார்த்த நாளிலிருந்து, அது தன் சொந்தச் சதுப்பில் குஞ்சு வளர்ப்பதை ஒருமுறையாவது படம்பிடித்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது. அடுத்த ஆண்டு இரண்டு வார விடுப்பு கிடைக்கும் போலிருக்கிறது. உகாண்டாவின் மபாம்பா, ஸாம்பியாவின் பங்வேயுலு ஆகிய இரண்டு சதுப்பு நிலங்களில் எங்கே செல்வது நல்லது? பாசிர் ரிஸ் பூங்காவில் சாம்பல் நாரைக் கூடுகளை எடுக்க என் 400 மி.மீ. லென்ஸ் போதுமானதாக இருந்தது.

கூழைக்கடா:
ஐயா, மபாம்பா எண்டெபி விமான நிலையத்துக்கு அருகில் இருப்பதால் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். ஆனால் அங்கே சிறு படகிலிருந்து பெரும்பாலும் காணக் கிடைப்பது, நுரையீரல் மீனுக்காக மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் வளர்ந்த பறவைதான். கூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் பங்வேயுலுவைத்தான் சொல்வேன். குஞ்சுகளைத் திருடி விற்பவர்கள் இருப்பதால், அங்கே உள்ளூர் மீனவர்களையே கூடுகளுக்குக் காவலாக நியமித்திருக்கிறார்கள். (என் புனைபெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், ஷூபில் நாரையைவிடக் கூழைக்கடாவுக்கே நெருங்கிய உறவு.)

பழையலென்ஸ்:
லென்ஸின் நீளத்தைவிட நீங்கள் நிற்கும் தூரமே முக்கியம். பாசிர் ரிஸ் நாரைகள் மனிதர்களைப் பார்த்துப் பழகியவை. ஷூபிலோ தொந்தரவை விரும்பாத பறவை. மிதக்கும் தாவரங்களின்மீது, நிழலே இல்லாத வெட்டவெளியில் கூடு கட்டும் அப்பறவை, வெயில் ஏறியதும் அலகு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து முட்டைகளின்மீதும் குஞ்சின்மீதும் ஊற்றிக் குளிர்விக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் படகைக் கண்டு தாயோ தந்தையோ விலகிப் போனால், குஞ்சுக்கு நீரும் இல்லை, நிழலும் இல்லை. பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இட்டாலும் ஒரு குஞ்சுதான் பிழைக்கிறது. மூத்தது இளையதைக் கொத்தி விரட்டுவதைப் பெற்றோர் தடுப்பதில்லை. ஆகவே நீங்கள் காணப்போகும் அந்த ஒற்றைக் குஞ்சே அந்த ஆண்டின் மொத்த விளைச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 மி.மீ. லென்ஸை வாடகைக்கு எடுங்கள். காவலர் நிறுத்தச் சொன்ன இடத்துக்கு ஓரடி முன்னேயும் போகாதீர்கள். கானல் எழுந்துவிட்டால் எந்த லென்ஸாலும் கூர்மை கிடைக்காது என்பதால், விடிந்த முதல் இரண்டு மணி நேரத்திலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது.

ஈசூன்வாசி:
நன்றி அண்ணா. நீர் ஊற்றும் காட்சியைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். அது வெயிலில் நடப்பது என்றால், காலையில் திரும்பிவிட்டால் அந்தப் படம் கிடைக்காதே?

பழையலென்ஸ்:
கிடைக்காதுதான். அதைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு வாருங்கள், தம்பி. குஞ்சு பசியில் விக்கல்போல் ஒலி எழுப்புவதையும், பெரியவை அலகைக் கடகடவென்று அடிப்பதையும் காணொளியாகப் பதிவு செய்தால், தூரத்திலிருந்தே அருமையான பதிவு கிடைக்கும்.

கூழைக்கடா:
ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். போகும் வழியில் உகாண்டாவிலும் தங்குவதாக இருந்தால், பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்குத் திரும்பும்போதும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.