முதல் சுற்றிலேயே நான் கெடுத்த சவாரி

காட்பாடிக்காரன்:
எழுதினால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது. கணியம்பாடி, அமிர்தி பக்கம் நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டி, 40 கிலோமீட்டர், இரண்டு சுற்று. என்னுடையது கத்தியவாரி இனம், ஒன்பது வயதுப் பெட்டைக் குதிரை. டிராட்டிலேயே, அதாவது மிதமான துள்ளோட்டத்திலேயே, போவது என்றுதான் கிளம்பினேன். மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு கறுப்புக் குதிரை புழுதியைக் கிளப்பிக்கொண்டு தாண்டியது. இவள் காதை மடக்கி லகானைப் பிடுங்கினாள், நானும் விட்டுவிட்டேன். எனக்கும் கொஞ்சம் ரோஷம், மறைப்பானேன். முதல் சுற்றுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சுற்று முடிந்ததும் கால்நடை டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்தார். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 76. தண்ணீர் ஊற்றினோம், வழித்தோம், நிழலில் நிறுத்தினோம். 70. மறுபடியும் 72. 15 நிமிடத்துக்குள் 64-க்கு இறங்கினால்தான் அடுத்த சுற்று, உங்களுக்குத் தெரியாததா. அப்போதுதான் விலாவைப் பார்த்தேன். விக்கல் மாதிரி, ஒவ்வொரு துடிப்புக்கும் வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர் திட்டவில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார், அவ்வளவுதான்.

ஆம்பூர் பேரன்:
கறுப்புக் குதிரை மேல் ஏன் பழி? லகான் யார் கையில் இருந்தது? எங்கள் தாத்தா ஜட்கா ஓட்டியவர். ஏற்றம் வந்தால் முதலில் அவர் இறங்குவார், அப்புறம் வண்டியில் இருக்கும் ஆம்பளைகளை இறக்குவார். ஒருமுறை கல்யாணத்துக்குப் போகிறவர்கள் அவசரப்படுத்தினார்கள். தாத்தா குதிரையின் முன்னங்காலுக்குப் பின்னால் கையை வைத்தபடி, “இன்னா அவசரம் சாமி, மூச்சு வாங்குது பாரு” என்றார். கை எடுக்கிறவரை வண்டி நகரவில்லை.

ராணிப்பேட்டை லாடம்:
இரண்டு பேருமே தண்ணீரைப் பற்றிப் பேசவில்லையே. என் கதை சின்னது: பாலாற்று மணலில் கேண்டர், அதாவது டிராட்டைவிட வேகமான ஓட்டம், விட்டேன், குதிரை இரண்டு நாள் நொண்டியது. அதை விடுங்கள். சூடாக வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது பழைய பேச்சு. வழியில் எங்கே கிடைத்தாலும் குடிக்க விடுங்கள். குதிரை வியர்வையில் நம்முடையதைவிட உப்பு அதிகம், அதனால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. விலா இழுத்தது உப்பும் கால்சியமும் இறங்கியதால்தான். கிளம்புமுன் புல்லை நன்றாகத் தின்ன விடுங்கள், குடலில் தண்ணீர் தங்கும். ஈறை விரலால் அழுத்தி எடுங்கள், 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். டிராட்டில் குதிரையின் எந்த முன்னங்காலோடு சேர்ந்து எழுந்து உட்காருகிறீர்களோ, அந்தப் பக்கத்தை அவ்வப்போது மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கத் தசையே அடி வாங்கும். ஆழமான மணலா, நடை மட்டும். இறக்கமா, இறங்கிக் கூடவே நடங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரையும் அப்படியே. வேலூர் வெயிலில், அதுவும் மே மாதத்தில், விடியுமுன் ஏறாதவர் அன்றைக்கு ஏறவே வேண்டாம்.

காட்பாடிக்காரன்:
லாடம் அண்ணே, யோசனை கேட்டேனா நான்? மணலில் கேண்டர் விட்டது நீங்கள், பாடம் எனக்கா! சரி, உப்பைக் குறித்துக்கொண்டேன்.

பேரனுக்கு: பழி போடவில்லை. அந்தக் கறுப்புக் குதிரை எனக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. வந்த கொஞ்ச நேரத்தில் 60, இரண்டாவது சுற்றுக்கும் போய்விட்டது. அதன் சவாரிக்காரர் கடைசிக் கிலோமீட்டரை லகானைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அங்கேதான் நான் அவரைத் தாண்டினேன். கை வேறு ஆட்டிவிட்டு வந்தேன்.