‘டிலே ஸ்பீக்கர்’: கடைமடைப் பெட்டி எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

மாநாட்டு வரவேற்பு அரங்குக்கான சொற்பட்டியலில், பின்வரிசைக்காக மேடையிலிருந்து தள்ளி வைக்கும் டிலே ஸ்பீக்கருக்கு ‘தாமத ஒலிபெருக்கி’ என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கும்பகோணம் பக்கம் பல வருடமாக மைக் செட் வேலை பார்க்கிறேன். தாமதம் என்றால் எங்கள் பையன்கள் பழுது என்றே எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பெட்டியோ வேண்டுமென்றே காத்திருந்து பேசுகிறது.

போன தை மாதம் தஞ்சாவூரில் ஒரு மாநாட்டு வரவேற்பு. நீளப் பந்தல். மேடைப் பெட்டியிலிருந்து பின்பெட்டி வரை டேப் பிடித்தால் 42 மீட்டர். மங்கல இசை தொடங்கியதும் கடைசி வரிசையில் போய் நின்றேன். தவிலில் ஒரு அடி விழுந்தால் எனக்கு இரண்டு கேட்டது. முதலில் தலைக்கு மேலே இருந்த பெட்டியில், அப்புறம் மேடையிலிருந்து. கம்பி வழியே வருவது உடனே வந்துவிடுகிறது. 31 டிகிரி வெயிலில் காற்று வழியே வருவதோ நொடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் நகரும். ஆக 120 மில்லிநொடி. ஒலி கலக்கும் மிக்சரில், பின்பெட்டி மட்டும் 132 மில்லிநொடி காத்திருந்து பேசும்படி வைத்தேன். இரண்டு அடியும் ஒன்றானது. தவில் மேடைக்கே போய்விட்டது!

அந்த 12 கூடுதல் ஏன் என்று ஒரு நண்பர் முன்பு கேட்டிருந்தார். ஹெல்முட் ஹாஸ் 1949-இல் செய்த ஆய்வுதான் அடிப்படை. ஒரே ஒலி சில மில்லிநொடி இடைவெளியில் இரண்டு பக்கமிருந்து வந்தால், பிந்தியது கொஞ்சம் உரக்க இருந்தாலும் காது முந்திய திசையையே நம்பும். மேடை ஒலி முந்தட்டும் என்றுதான் அந்த 12.

இதை எங்கள் ஊர் விவசாயியிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார். மேட்டூரைத் திறந்தாலும், பாசனத்தின் கடைசியில் இருக்கும் பேராவூரணி கடைமடைக்குத் தண்ணீர் எட்ட நாளாகும். அங்கே பம்புசெட் தண்ணீர் உடனே வரும். நம் பின்பெட்டி அந்த பம்புசெட் மாதிரி. ஆற்றுத் தண்ணீர் வந்து சேரும் நேரம் பார்த்துத் திறக்க வேண்டும். அதனால் மேடைப் பெட்டியைத் தலைமடைப் பெட்டி என்றும், இதைக் கடைமடைப் பெட்டி என்றும் சொல்லலாம். இணையாக இரண்டு சொல் கிடைப்பது பெரிய வசதி.

கடைமடை என்றால் தண்ணீர் எட்டாத இடம், குறைச்சலாகப் படாதா என்று கேட்ட அம்மா அவர்களுக்கு: உங்கள் கவலை நியாயம்தான், எங்களுக்கு அது வலிக்கிற சொல். ஆனால் இந்தப் பெட்டி இருப்பதே கடைசி வரிசைக்கும் போய்ச் சேரத்தான்.

பெட்டியைக் காக்க வைக்கும் நேரத்துக்குத் ‘தாங்கல்’ போதும். வடக்கே நீரைத் தேக்கி விடும் ஏரிக்கு அந்தப் பெயர் உண்டு. “பின்பெட்டிக்குத் தாங்கல் 132” என்று மிக்சர் பக்கத்திலிருந்து கத்தினாலும் தெளிவாகக் கேட்கும்.

எல்.இ.டி. சுவரில் படம் பிந்துவதற்கு இதே சொல்லைப் போடாதீர்கள். அது நாம் வைப்பதில்லை, கருவி தானே எடுத்துக்கொள்வது. அதற்குச் ‘சுணக்கம்’. நொடிக்கு 25 சட்டத்தில் (ஃபிரேம்) மூன்று சட்டம் சுணங்கினால் 120 மில்லிநொடி. அன்று கடைசி வரிசையில் உதடும் குரலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. முன்வரிசைக்காரர்களுக்குத்தான் படம் பின்தங்கியது. ஒளிவிளக்குப் பட்டியலுக்கும் இந்தப் பிரிவு பொருந்துமா என்று விளக்கு வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.