15 சதவீத சீ மார்ஜின் போதுமா? டேங்க் கணக்கும் ஆடிமாதக் கடலும்

சீஃப்_தூத்துக்குடி:
ஆடி மாதம். நிறைசுமையோடு மங்களூரிலிருந்து ஏடன் பக்கம் போன பல்க் கேரியர், புதுக்கப்பல்தான். அந்த ஆர்.பி.எம்.முக்கு 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) என்று காகிதம் சொன்னது, கிடைத்தது பத்துக்கும் கீழே. காற்றும் அலையும் முகத்துக்கு நேரே. புரொப்பல்லர் தண்ணீரை விட்டு எழும்பினால், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எரிபொருளைக் குறைக்கும். மூழ்கியதும் எஞ்சின் டார்க் (சுழற்றுவிசை) எல்லையில் போய் முட்டும். ஆபீசிலிருந்து வந்த மெயில், "அடியில் பாசி பிடித்துவிட்டதா?" என்று கேட்டது. கடல் எப்படி இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. டேங்க் எனும் சோதனைத் தொட்டியின் அமைதியான நீரில் கப்பலின் சிறு மாதிரியை இழுத்துப் போட்ட கோட்டுக்கு மேல் 15 சதவீதம் பவரைக் கூட்டி சீ மார்ஜின் என்கிறார்கள். அரபிக்கடலுக்கும் 15, வட அட்லாண்டிக்குக்கும் 15. இதைக் கணிப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மாதிரித்தொட்டி:
சீஃப் சார், 15 பற்றி நீங்கள் சொல்வது சரி. அது வழக்கத்தில் வந்த எண். ஆனால் டேங்க் வேலை அதோடு நிற்பதில்லை. 1871-லேயே வில்லியம் ஃபுரூட், கிரேஹவுண்ட் என்ற நிஜக் கப்பலை இன்னொரு கப்பலால் இழுக்கவைத்து, மாதிரியின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 1953-ல் செயின்ட் டெனிஸும் பியர்சனும், கலங்கிய கடலைப் பல எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துக் கப்பலின் அசைவைக் கணக்கிட வழி காட்டினார்கள்.

நீங்கள் தரும் அளவைப் பற்றியும் பேசுவோமா? அலையால் வரும் கூடுதல் எதிர்ப்பு, அலை உயரத்தின் வர்க்கத்தில் ஏறும். லாக்புக்கில் 3 மீட்டர், உண்மையில் 3.6 என்றால் எதிர்ப்பு 44 சதவீதம் கூடிவிடும். அந்த 3 மீட்டரை அளந்தது யார்?

செகண்ட்மேட்_கடலூர்:
நான்தான், சார். நடுநிசி வாட்ச், இருட்டு, பிரிட்ஜிலிருந்து கண்ணால். தினமும் நண்பகலில் கரைக்கு அனுப்பும் நூன் ரிப்போர்ட்டில் அலைக்கு ஒரே கட்டம். கச்சான் (மேல்காற்று) கிளப்பும் குட்டை அலை ஒரு பக்கம், தூரத்துக் காற்று எழுப்பித் தெற்கேயிருந்து வரும் நெடும் ஸ்வெல் ஒரு பக்கம். இரண்டையும் ஒரு எண்ணுக்குள் எப்படி அடைப்பது?

அளவு சரியாக இருந்தாலும் கணக்கு தவறும். 1998 அக்டோபரில் வட பசிபிக்கில் ஏபிஎல் சைனா என்ற கன்டெய்னர் கப்பலுக்கு என்ன ஆனது? முகத்துக்கு நேர் அலையில் கப்பல் முன்பின்னாகத்தான் ஆடும் என்பது எளிய கணக்கு. அது பக்கவாட்டில் 35 டிகிரிக்கு மேல் உருண்டது. மேல்தளக் கன்டெய்னர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடலுக்குள்.

மாதிரித்தொட்டி:
அதன் காரணத்தை உறுதிசெய்ததும் டேங்க்தான், தம்பி. அகலமான முன்விரிவும் தட்டையான பின்பாகமும் உள்ள கப்பல் அது. அலையின் முகடு கப்பலின் நடுவில் நிற்கும்போது நிலைப்பு (சாய்ந்தால் நிமிரும் திறன்) குறைகிறது, பள்ளம் வரும்போது கூடுகிறது. உருளலின் ஒரு சுற்றுக்கு இருமுறை அலை சந்தித்தால், ஊஞ்சலில் நின்று முழங்காலை மடக்கி உந்துவதுபோல் உருளல் வளரும். மாதிரியை அலையில் விட்டு அதைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார்கள். ஆனால் கன்டெய்னர்கள் போன பிறகு. அதை மறுக்க மாட்டேன்.

தரவுப்பெண்:
சென்சார் தரவு பார்ப்பவள் நான். நீங்கள் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. சார்ட்டர் பார்ட்டியில் (கப்பல் வாடகை ஒப்பந்தத்தில்) வேகத்துக்கு உறுதி பெரும்பாலும் பியூஃபோர்ட் என்ற காற்று அளவுகோலில் 4 வரைதான். அடிப்பாகமும் புரொப்பல்லரும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 19030 என்ற சர்வதேசத் தரமும் விநாடிக்கு 7.9 மீட்டருக்கு மேல் காற்றடித்த நேரத்தைக் கழித்துவிடுகிறது. மோசமான நாட்களை எல்லோருமே தள்ளிவைத்துவிட்டு மீதியில் சண்டை போடுகிறோம். அந்த நாட்களின் ஷாஃப்ட் பவரை (புரொப்பல்லர் தண்டில் அளந்த பவரை) கொடுங்கள், டேங்க் இல்லாமலே கணித்துக் காட்டுகிறேன்.

சீஃப்_தூத்துக்குடி:
தள்ளிவைக்கிறார்கள் என்றீர்களே, அதுதான் என் வயிற்றெரிச்சல். ஆனால் ஒன்று, அம்மா. முன்பாகம் அலையில் அறைய ஆரம்பித்ததும் கேப்டன் வேகத்தைக் குறைப்பார். உங்கள் கணினி அப்போது படிப்பது கப்பலையா, கேப்டனின் மனசையா? அடுத்த கேப்டன் வந்தால்?

தரவுப்பெண்:
அந்த நேரத்தைக் குறித்துத் தந்தால் பிரித்துவிடலாம், சார். குறிக்காவிட்டால் முடியாது.

மாதிரித்தொட்டி:
விதியிலும் இதே ஓட்டைதான். ஈஈடிஐ, அதாவது புதுக்கப்பலின் எரிசக்தித் திறனை அளக்கும் சர்வதேசக் குறியீட்டின் கணக்கில் வானிலைக்கு ஒரு காரணி வைத்திருக்கிறார்கள்: பியூஃபோர்ட் 6, அலை 3 மீட்டர், அலைக்கு அலை இடைப்பட்ட காலம் 6.7 விநாடி. கட்டாய மதிப்பைக் கணக்கிடும்போது மட்டும் அதை 1 என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது கடல் அமைதி. கப்பல் வாங்குபவர் அந்த நிலைக்கும் ஒரு வேகத்தை ஒப்பந்தத்தில் கேட்டால் நாங்கள் தரத் தயார். பிழை எல்லையோடுதான் தருவோம்.

சீஃப்_தூத்துக்குடி:
பிழை எல்லை எவ்வளவு என்பதில்தான் உங்களுக்கும் எனக்கும் அடுத்த சண்டை. இந்தப் பயணத்தில் டார்க் மீட்டர் அளவை மணிக்கொருமுறை எடுக்கிறேன். தம்பி, நீங்கள் காற்றலையையும் ஸ்வெல்லையும் தனித்தனியாக, திசையோடும் காலத்தோடும் எழுதுங்கள். கேப்டன் வேகத்தைக் குறைத்த நேரத்தையும் சேர்த்து.

செகண்ட்மேட்_கடலூர்:
சரி, சீஃப். படிவத்தில் இடமில்லை, தனி நோட்டில் எழுதுகிறேன்.