பெஸ்ஸி ஸ்மித்: அந்த ஆஸ்பத்திரிக் கதையை இன்னும் எத்தனை காலம் சொல்வது?

இசைத்தட்டுப் பித்தன்:
ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின இசையைப் பாடிய பெஸ்ஸி ஸ்மித் பெயரை எடுத்தாலே ஒரே கதைதான் வருகிறது. 1937-இல் மிசிசிப்பியில் கார் விபத்து. வெள்ளையர் மருத்துவமனை வாசலிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். ரத்தம் வடிந்தே இறந்தார். நேற்றுகூட இங்கே சிலர் அப்படியே எழுதியிருந்தார்கள். அப்படி நடக்கவில்லை. செப்டம்பர் 26 விடியற்காலையில், 61ஆம் நெடுஞ்சாலையில் அந்த வழியாக வந்தவர் மெம்பிஸ் நகர மருத்துவர் ஹியூ ஸ்மித். பெஸ்ஸியின் வலக்கை முழங்கையருகே ஏறக்குறைய அறுந்திருந்ததை நேரில் பார்த்து, சாலையிலேயே முதலுதவி செய்தவர் அவர். ஆம்புலன்ஸ் நேராகக் கிளார்க்ஸ்டேலில் இருந்த கறுப்பர் மருத்துவமனைக்குத்தான் போனது. கையை அகற்றினார்கள். அன்று பகலுக்குள் உயிர் பிரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட், காதில் விழுந்ததை வைத்து டவுன்பீட் என்ற ஜாஸ் இதழில் எழுதிய கட்டுரைதான் வதந்தியைப் பரப்பியது. பிறகு நாடகாசிரியர் எட்வர்ட் ஆல்பீ அதை நாடகமாகவே எழுதிவிட்டார்.

என் ஆத்திரம் வேறு. இந்தக் கதை அவரை வாசலில் கிடந்த ஒரு உடலாகச் சுருக்கிவிடுகிறது. சட்டனூகா நகரில் தாய் தந்தையை இழந்து, உடன்பிறந்த ஆண்ட்ரூ கிட்டார் வாசிக்கத் தெருவில் பாடிக் காசு சேர்த்த சிறுமி அவர். 1912-இல் நாடகக் குழுவில் நடனக்காரியாகச் சேர்ந்தார். பாட அங்கே ஏற்கெனவே ப்ளூஸ் பாடகி மா ரெய்னி இருந்தார். 1925-இல் தன் குழுவுக்கென்று சொந்தமாக ரயில் பெட்டியே வாங்கினார். தெற்கில் வெள்ளையர் விடுதிகள் கறுப்பருக்கு அறை தராத காலம். ஆகவே சாப்பாடும் தூக்கமும் அந்தப் பெட்டியில்தான். 1927-இல் வட கரோலினாவில் தன் நிகழ்ச்சிக் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க வந்த, கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்களைத் தனியாக எதிரே போய்த் திட்டி விரட்டியவர். இதை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை?

வடகரை:
தகவல்களை மறுக்கவில்லை நண்பரே. ஆனால் "நடக்கவில்லை" என்று சொல்லிவிட்டு நகர்வது எனக்கு ஏற்புடையதல்ல. கிளார்க்ஸ்டேலில் இரண்டு மருத்துவமனைகள் ஏன் இருந்தன? ஒன்று வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பருக்கு. இரண்டும் ஒரு மைல் இடைவெளிகூட இல்லாமல். ஹியூ ஸ்மித்தே பின்னாளில் சொன்னதன் சாரம் என்ன? அந்தப் பகுதியில் எந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் ஒரு கறுப்பரை வெள்ளையர் மருத்துவமனைக்குக் கொண்டுபோக நினைத்தே பார்க்கமாட்டார் என்பதுதான். வாசலில் வைத்து மறுக்க வேண்டிய தேவையே இல்லாதபடி முன்கூட்டியே மறுத்து வைத்திருந்த ஊர் அது. வதந்தி விவரத்தில் பிழை. அந்த மண்ணைப் பற்றிப் பிழையில்லை.

இசைத்தட்டுப் பித்தன்:
மண்ணைப் பற்றிய உண்மையைச் சொல்ல நடந்த உண்மையே போதும் என்கிறேன். நீங்கள் இப்போது எழுதிய ஐந்தாறு வரிகள் ஆல்பீயின் நாடகத்தைவிடக் கனமானவை. பொய்யை ஒட்டவைத்தால், அதைக் கண்டுபிடிக்கும் ஒருவன் இனவெறியும் பொய்தான் என்று கிளம்புவான். கிளம்பியும் இருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
சாவைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். உயிரோடு இருந்தபோது அவரைச் சுரண்டியதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

1923 பிப்ரவரியில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக முதல் தட்டு: ஆல்பர்ட்டா ஹன்டரும் லவி ஆஸ்டினும் எழுதிய 'டவுன் ஹார்ட்டட் ப்ளூஸ்'. ஆறு மாதத்தில் 7,80,000 பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். பெஸ்ஸிக்குப் பேசிய தொகை, தட்டில் பயன்படுத்தத் தகுந்த ஒரு பக்கத்துக்கு, அதாவது ஒரு பாடலுக்கு, 125 டாலர். அதிலும் தொடக்கத்தில் பாதியைப் பியானோக் கலைஞர் கிளாரன்ஸ் வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டார். பெஸ்ஸி நேரில் போய்ச் சண்டையிட்டுத்தான் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டார். பின்னர் நிறுவனத்தோடு நேரடி ஒப்பந்தம். அதில் ராயல்டி, அதாவது விற்கும் பிரதிக்கு இவ்வளவு என்ற பங்கு, கிடையாது. பிரதிக்கு ஒரே ஒரு சென்ட் கொடுத்திருந்தாலும், அந்த விற்பனைக் கணக்கின்படி 7,800 டாலர்! 160 பாடல்கள் பாடிக் கொடுத்தார். 1931-இல் வெளியே அனுப்பிவிட்டார்கள். 1933-இல் ஹாமண்ட் கூப்பிட்டு நான்கு பாடல்கள் பதிவு செய்தபோது ஒன்றுக்கு 37.50 டாலர்.

பழைய ஒலிவாங்கி:
கணக்குப்பிள்ளை ஐயா, ஒரு பக்கக் கணக்கு மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பாடகருக்கு மொத்தத் தொகை கொடுத்து முடித்துக்கொள்வது அன்றைய தட்டுத் தொழிலில் பரவலான நடைமுறை. பெஸ்ஸியின் பெரிய வருமானம் மேடையில். உச்சத்தில் வாரத்துக்கு 2,000 டாலர் வரை வாங்கினார். அன்றைய கறுப்பினக் கலைஞர்களில் மிக அதிகம் சம்பாதித்தவர் அவர்தான். அந்த மேடை விலையை ஏற்றியது யார்? தட்டுகள்தானே? கொலம்பியாவுக்காக அவரை அழைத்துப் பாடவைத்த ஃபிராங்க் வாக்கரைத் திருடன் வரிசையில் நிறுத்துவது நியாயமல்ல. 1931-இல் பொருளாதார மந்தம், வானொலி, பேசும் படம் எல்லாம் சேர்ந்து தட்டு விற்பனையையே படுக்கவைத்துவிட்டன. நிறுவனமே தள்ளாடிய நேரம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1925 ஜனவரியில் பதிவான 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' தட்டைக் கேளுங்கள். பிரெட் லாங்ஷாவின் ஆர்மோனியம் பின்னால் மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். பெஸ்ஸி அவசரமே காட்டாமல் ஒரு சொல்லை வளைத்து இறக்குவார். வரி முடியும் இடத்தில் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட், டிரம்பெட் போன்ற ஊதுகருவி, பதில் சொல்லும். மின் ஒலிவாங்கி இல்லை, ஒலியைத் திரட்டும் ஒரு கொம்புக்குழலுக்குள் பாடிய பாட்டு. அந்தக் குரல் இன்று நம் காதுக்கு வருகிறதென்றால் அந்த நிறுவனம் பதிவு செய்ததால்தான்.

கணக்குப்பிள்ளை:
பதிவு செய்ததற்கு நன்றி சொல்லலாம். விலை நியாயமா என்பது வேறு கேள்வி. பரவலான நடைமுறை என்கிறீர்கள். அந்த நடைமுறையை யார் வகுத்தார்கள்? ஒப்பந்தத்தைப் படித்துக் காட்ட வழக்கறிஞர் இல்லாத கறுப்பினப் பெண்ணா? தள்ளாடிய நிறுவனம் எழுந்துகொண்டது. 1970 தொடங்கி அவருடைய பாடல்களை மொத்தமாக மறுவெளியீடு செய்து விற்றது. அதே ஆண்டுவரை பென்சில்வேனியாவில் அவர் கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தும், 33 ஆண்டுகள் வெறும் தரை. கடைசியில் கல்லுக்குப் பணம் கொடுத்தது பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸி வீட்டில் தரை துடைத்த ஹுவனிட்டா கிரீனும்.

வடகரை:
கல் இல்லாததற்கு நிறுவனம் மட்டும் காரணமல்ல. நினைவுக்கல்லுக்கென்று திரட்டிய பணம் கல்லாக மாறவில்லை. அந்தப் பணம் எங்கே போனது என்று அறிய, பெஸ்ஸியைப் பிரிந்து வாழ்ந்த கணவர் ஜாக் கீயைப் பற்றி வாழ்க்கை வரலாற்றாசிரியர் கிறிஸ் ஆல்பர்ட்சன் எழுதியதைப் படியுங்கள். ராயல்டி விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன்.

பழைய ஒலிவாங்கி:
ராயல்டி பற்றி நீதிமன்றமே பேசிவிட்டது. பெஸ்ஸியின் வளர்ப்பு மகன் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கை 1979-இல் பென்சில்வேனியா கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கணக்குப்பிள்ளை:
வழக்குத் தொடுக்கும் காலவரம்பு கடந்துவிட்டது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. ஒப்பந்தம் நேர்மையானது என்று அந்த நீதிமன்றம் சான்று கொடுக்கவில்லை. 1923-இல் கேட்கத் தெரியாதவரிடம், 1979-இல் ஏன் முன்பே கேட்கவில்லை என்றார்கள். இதைத் தீர்ந்துபோன விஷயம் என்று நீங்கள் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.